பிடித்த நடிகரை ரசிகர் மாநாட்டில் சந்திப்பது எப்படி?

சென்னையில் ஒரு நட்சத்திரத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். 2017-இல் ரஜினிகாந்த் கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் மாவட்ட வாரியாக ரசிகர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டபோதும் மன்றம் வழியாகத்தான் வாய்ப்பு வந்தது. டொரன்டோவிலோ லண்டனிலோ அட்லாண்டாவிலோ நடக்கும் ரசிகர் மாநாடுகளில் அந்தத் தொல்லை இல்லை. நுழைவுச் சீட்டு வாங்கியவர் யாராக இருந்தாலும், கட்டணத்தைக் கட்டி வரிசையில் நின்றால் நடிகரின் எதிரே போய் நிற்கலாம்.

ஆனால் அந்தச் சந்திப்பு ஒரு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. போட்டோ எடுக்கும் இடத்தில் பத்து நொடிகூடக் கிடைக்காது. அந்தச் சிறு பொழுது நன்றாக அமைவதும் வீணாவதும் பெரும்பாலும் நீங்கள் வீட்டிலேயே செய்துமுடித்த வேலையைப் பொறுத்தது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த வேலையைப் பற்றியதுதான்.

வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க அங்கே போகிறவர்களுக்கும் இது நேரடியாகப் பயன்படும். ஒரு நடிகரைப் பார்ப்பதற்காகவே தமிழ்நாட்டிலிருந்து விசா எடுத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் பின்னால் வருகிறது.

எந்த மாநாடு?

எல்லா மாநாடும் ஒன்று என்று நினைத்து டிக்கெட் வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. பெயர் பெற்றது சான் டியாகோ காமிக் கான். 1970-இல் தொடங்கி, இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கிறது. ஆனால் நடிகரின் பக்கத்தில் நிற்பதுதான் உங்கள் ஆசை என்றால் சான் டியாகோ அதற்கு ஏற்ற இடமல்ல. அங்கே நட்சத்திரங்கள் வருவது புதுப்படத்தை அறிவிக்க. சுமார் 6,500 பேர் அமரும் 'ஹால் எச்' அரங்கில், மேடையில் தூரத்துப் புள்ளியாகத் தெரிவார்கள். முகத்தைப் பெரிய திரையில்தான் பார்ப்பீர்கள். அதற்கே முதல் நாள் இரவிலிருந்து வரிசையில் கிடப்பவர்கள் உண்டு. ஸ்டுடியோ அரங்குகளில் கையெழுத்து வாங்கும் வாய்ப்பு பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும்.

நேரில் சந்திக்க ஏற்றவை, கட்டணம் வாங்கி கையெழுத்தும் போட்டோவும் தரும் மாநாடுகள். ஆகஸ்ட் இறுதியில் டொரன்டோவில் நடக்கும் ஃபேன் எக்ஸ்போ கனடா, மே மாதத்திலும் அக்டோபரிலும் லண்டன் எக்செல் மையத்தில் நடக்கும் எம்.சி.எம். காமிக் கான், அக்டோபரில் நியூயார்க் ஜாவிட்ஸ் மையத்தில் நடக்கும் நியூயார்க் காமிக் கான் ஆகியவை இந்த வகை. அட்லாண்டாவின் டிராகன் கான் 1987 முதல் நடக்கிறது. இப்போது அது செப்டம்பர் தொடக்கத்துத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, நகர மையத்தில் அடுத்தடுத்து இருக்கும் ஹோட்டல்களில் பரந்து கிடக்கும். அங்கே நடிகர்கள் மேஜை போட்டு உட்காரும் இடத்துக்கு 'வாக் ஆஃப் ஃபேம்' என்று பெயர்.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: ஒரே தொடருக்காக நடக்கும் மாநாடு. 1972 ஜனவரியில் நியூயார்க் ஸ்டாட்லர் ஹில்டன் ஹோட்டலில் 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்கள் கூட்டிய மாநாடு இதற்கு வழிகாட்டி. சில நூறு பேரை எதிர்பார்த்த இடத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். 2005 முதல் 2020 வரை 15 சீசன் ஓடிய 'சூப்பர்நேச்சுரல்' தொடருக்கும் இப்படித் தனி மாநாடுகள் பல நகரங்களில் நடந்தன. கூட்டம் குறைவு, நடிகருக்கு அலுப்பு குறைவு, பக்கத்தில் நிற்கும் அத்தனை பேரும் உங்களைப் போன்றவர்களே. உங்கள் நடிகர் இப்படிப்பட்ட ஒன்றுக்கு வருகிறார் என்றால் மற்றதை விட்டுவிட்டு அதற்குப் போங்கள்.

சென்னையில் 2024 பிப்ரவரியில்தான் முதன்முதலாக காமிக் கான் நடந்தது. இந்தியாவில் நடப்பவற்றில் ஓவியர்கள், எழுத்தாளர்களின் மேஜைகளே பிரதானம். மேஜையில் ஒருவரைச் சந்திக்கும் நாகரிகம் பழக அவை நல்ல பள்ளிக்கூடம்.

எதற்கு எவ்வளவு?

வாசலில் வாங்கும் டிக்கெட் உங்களை அரங்குக்குள் விடும், அவ்வளவுதான். நடிகரைச் சந்திக்கத் தனிக் கட்டணம். இது தெரியாமல் குடும்பத்தோடு போய், உள்ளே நின்று கணக்குப் போடுபவர்களை ஒவ்வொரு மாநாட்டிலும் பார்க்கலாம்.

- ஆட்டோகிராப்: மேஜையில் உட்கார்ந்திருக்கும் நடிகரிடம் கையெழுத்து. படத்தை அவர்களே தருவார்கள், அல்லது நீங்கள் கொண்டுபோன பொருளில் போட்டுத் தருவார்கள்.
- போட்டோ ஆப்: திரை கட்டிய அறையில், தொழில்முறைப் புகைப்படக்காரர் எடுக்கும் படம். நேரம் குறித்த சீட்டு.
- மேஜை செல்ஃபி: உங்கள் கைப்பேசியில் எடுப்பது. சிலர் அனுமதிப்பார்கள், சிலர் மாட்டார்கள். இதற்கும் பெரும்பாலும் கட்டணம் உண்டு.
- பேனல்: மேடைப் பேச்சும் கேள்வி பதிலும். பல மாநாடுகளில் நுழைவுச் சீட்டிலேயே அடங்கிவிடும்.

ஒரு கையெழுத்துக்கோ போட்டோவுக்கோ ஏறக்குறைய 50 டாலரில் தொடங்கி, பெரிய பெயர்களுக்கு 200-ஐயும் தாண்டிப் போகும். நாலு பேர் கொண்ட குடும்பம் ஆளுக்கொரு கையெழுத்து வாங்கினால் என்ன ஆகும் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

கையெழுத்தா, போட்டோவா, எதைத் தேர்ந்தெடுப்பது? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கையெழுத்தைத் தேர்ந்தெடுங்கள். போட்டோ அறையில் பேச நேரமில்லை. மேஜையில் அவர் உங்கள் பெயரைக் கேட்பார், முகத்தைப் பார்ப்பார், நீங்கள் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்வார். பேச்சு வேண்டாம், சுவரில் மாட்டப் படம் போதும் என்பவர்கள் மட்டும் போட்டோ ஆப் பக்கம் போகலாம்.

முன்பதிவு: வரிசைப்படி

1. மாநாட்டின் அதிகாரப்பூர்வத் தளத்தில் விருந்தினர் பட்டியலைப் பாருங்கள். நடிகரின் பெயருக்குக் கீழே எந்தெந்த நாள் வருகிறார் என்று இருக்கும். மூன்று நாள் மாநாட்டில் அவர் சனிக்கிழமை மட்டும் வரலாம்.

2. அந்த நாளுக்கான டிக்கெட்டை முதலில் எடுங்கள். சில மாநாடுகளில் டிக்கெட் வாங்கவே முன்கூட்டிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். சான் டியாகோவில் அந்தக் கணக்கு இல்லாமல் எதுவும் நடக்காது, வாசலிலும் டிக்கெட் கிடைக்காது.

3. போட்டோ ஆப் விற்பனை தொடங்கும் நாளைக் குறித்துவைத்து அன்றே வாங்குங்கள். பெரிய நடிகர்களின் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும்.

4. ஒரு சீட்டில் எத்தனை பேர் நிற்கலாம் என்று படியுங்கள். மாநாட்டுக்கு மாநாடு இது மாறும். கைக்குழந்தை கணக்கில் சேருமா என்பதையும் பாருங்கள்.

5. ரத்து விதியைப் படியுங்கள். நடிகர் வராவிட்டால் அவருக்கான போட்டோ, கையெழுத்துப் பணம் வழக்கமாகத் திரும்ப வரும். நுழைவுச் சீட்டின் பணம் வழக்கமாக வராது.

6. நேர அட்டவணை வந்ததும் ஒரு தாளில் உங்கள் நாளை எழுதுங்கள். போட்டோ ஆப் 1.20-க்கு, பேனல் 1.30-க்கு என்றிருந்தால் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

7. சீட்டுகளை அச்செடுத்து வையுங்கள். ஆயிரக்கணக்கானோர் கூடிய அரங்கில் கைப்பேசி சிக்னலை நம்ப முடியாது.

*குறிப்பு:* வயதான பெற்றோரையோ அதிக நேரம் நிற்க முடியாதவரையோ அழைத்துப் போகிறீர்களா? மாற்றுத்திறனாளிகளுக்கும் நிற்க இயலாதவர்களுக்கும் தனி ஏற்பாடு உண்டு. உள்ளே போனதும் உதவி மேஜையில் கேளுங்கள். கூச்சப்பட்டு மூன்று மணி நேரம் அம்மாவை சிமென்ட் தரையில் நிற்க வைக்க வேண்டாம்.

பையில் என்ன இருக்க வேண்டும்

நடந்து பழகிய செருப்போ ஷூவோ காலில், தண்ணீர் பாட்டில், பசியடக்க ஏதாவது, பவர் பேங்க். மேஜைகளில் சிலர் ரொக்கம் மட்டுமே வாங்குவார்கள், ஆகவே ரொக்கமும் கார்டும். கையெழுத்து வாங்கப் போகும் பொருள் தாளாக இருந்தால் கெட்டி அட்டை உறை, போஸ்டர் என்றால் குழாய். ஒரு சின்ன நோட்டு, மெல்லிய மைக்ரோஃபைபர் துணி. துணி எதற்கு என்பது அடுத்த பகுதியில்.

ஆட்டோகிராப் மேஜையில்

மேஜைக்குப் பின்னால் நடிகரின் பெயர் போட்ட பேனர் தொங்கும். மேஜையில் எட்டுக்குப் பத்து அங்குலப் படங்கள் விசிறி போல அடுக்கியிருக்கும். நடிகரின் பக்கத்தில் உதவியாளர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பணம் வாங்குவதும், பெயரை எழுதிக்கொள்வதும், வரிசையை நகர்த்துவதும் அவர்தான். அவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். நடிகருக்கு அவர்தான் கண்ணும் காதும்.

1. வரிசையில் நிற்கும்போதே விலைப் பலகையைப் படித்து, என்ன வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். முன்னால் வந்து நின்று யோசிக்கும் ஒவ்வொரு நொடியும் உங்கள் பேச்சு நேரத்திலிருந்து கழிகிறது.

2. சொந்தப் பொருள் கொண்டுவந்திருந்தால் கையெழுத்து விழ வேண்டிய இடத்தைத் துணியால் துடையுங்கள். பளபளப்பான பரப்பில் விரல் பிசுக்கு இருந்தால் மை ஒட்டாமல் நடுவில் விட்டுவிட்டுப் போகும்.

3. உங்கள் பெயரை நோட்டுத் தாளில் ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி எழுதி உதவியாளரிடம் கொடுங்கள். வாயால் சொன்னால் நடக்காது. கயல்விழி, தமிழ்ச்செல்வன், யாழினி என்ற பெயர்களை இரைச்சலுக்கு நடுவே கேட்டு எழுதும் ஒருவர் எப்படி எழுதுவார் என்று நினைத்துப் பாருங்கள். உதவியாளர் அதை ஒட்டும் சீட்டில் எழுதிப் படத்தின் மேல் ஒட்டுவார். ஒட்டியதை ஒருமுறை எட்டிப் பாருங்கள், தப்பாக இருந்தால் அப்போதே சொல்லுங்கள். நடிகர் சீட்டைப் பார்த்துத்தான் எழுதப் போகிறார். எழுதிய பிறகு அழிக்க முடியாது.

4. மையின் நிறத்தைச் சொல்லுங்கள். வெளிர்ப் படத்துக்கு நீலமோ கறுப்போ, இருண்ட படத்துக்கு வெள்ளியோ தங்கமோ. முகத்தின் மேல் விழாமல் இருக்க வேண்டுமானால் இடத்தையும் விரலால் காட்டலாம்.

5. உங்கள் முறை வந்ததும் முதலில் வணக்கம் சொல்லி, தயார் செய்துவைத்த ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள்.

6. படம் கைக்கு வந்ததும் உறைக்குள் திணிக்காதீர்கள். மார்க்கர் மை உலர ஒரு நிமிடமாவது ஆகும், வெள்ளி, தங்கப் பெயின்ட் பேனா என்றால் இன்னும் கூடுதலாக. படத்தை மட்டமாகப் பிடித்தபடி ஓரமாகப் போய் நில்லுங்கள். பணம் கொடுத்து வாங்கிய கையெழுத்துகள் பெரும்பாலும் கெட்டுப்போவது மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில், இந்த அவசரத்தில்தான்.

அந்த ஒரு வாக்கியம்

"நான் உங்கள் பெரிய ரசிகன்" என்பது அன்றைக்கு அவர் நூறாவது முறை கேட்கும் வாக்கியமாக இருக்கும். அதில் உங்கள் அடையாளம் எதுவும் இல்லை, பதில் சொல்லவும் அவருக்கு எதுவும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்.

அவருடைய வேலை உங்கள் வாழ்க்கையில் எங்கே வந்து பட்டது என்பதைச் சொல்லுங்கள். லெவார் பர்ட்டனை எடுத்துக்கொள்வோம். 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷ'னில் ஜோர்டி லா ஃபோர்ஜாக நடித்தவர். 1983 முதல் 2006 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கான 'ரீடிங் ரெயின்போ' நிகழ்ச்சியை நடத்தியவரும் அவரே. "நான் இந்தியாவிலிருந்து வந்தபோது எனக்கு ஆங்கிலம் தடுமாறும். என் மகளோடு உட்கார்ந்து உங்கள் நிகழ்ச்சியைப் பார்த்து நானும் கற்றேன்" என்று ஓர் அம்மா அவரிடம் சொன்னால், அதற்குப் பதில் சொல்லாமல் அவரால் அடுத்தவரைக் கூப்பிட முடியாது.

வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எதிரில் போனதும் நாக்கு ஒட்டிக்கொள்வது எல்லோருக்கும் நடக்கும். பயந்தால் அதையே ஒரு கடிதமாக எழுதிக் கொண்டுபோங்கள். உங்கள் முகவரி வேண்டாம், பெயரும் ஊரும் போதும். பேச்சு வராவிட்டால் புன்னகையோடு அதைக் கொடுத்துவிடலாம். அறைக்குப் போன பிறகு கடிதங்களைப் படிக்கும் நடிகர்கள் இருக்கிறார்கள்.

கேட்கக் கூடாதவை: அவருடைய திருமணம், விவாகரத்து, உடல் எடை, சம்பளம். உங்கள் திரைக்கதையைப் படிக்கச் சொல்வதும் வாய்ப்புக் கேட்பதும் இந்தப் பட்டியலில்தான் வரும். அவர் அங்கே வேலை நேரத்தில் இருக்கிறார்.

போட்டோ ஆப்

இங்கே எல்லாம் வேகம். திரைக்குள் பின்னணித் துணி, விளக்குகள், புகைப்படக்காரர், நடிகர். ஒருவர் வெளியேறும்போதே அடுத்தவர் உள்ளே காலெடுத்து வைப்பார்.

1. குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பே வரிசைக்குப் போங்கள். சீட்டில் பிரிவு எண் இருந்தால் அந்த எண்ணைக் கூப்பிடும்போதுதான் உள்ளே விடுவார்கள்.

2. பை, கோட்டு, கைப்பேசி எல்லாவற்றையும் உள்ளே இருக்கும் மேஜையில் வைக்கச் சொல்வார்கள். வைத்துவிட்டு, வெளியேறும்போது மறக்காமல் எடுங்கள். பாஸ்போர்ட் பைக்குள் இருக்க வேண்டாம், உடம்போடு இருக்கட்டும்.

3. கழுத்தில் தொங்கும் நுழைவு அட்டையைக் கழற்றுங்கள் அல்லது சட்டைக்குள் போடுங்கள். படத்தில் முதலில் தெரிவது அதுதான்.

4. மூக்குக் கண்ணாடி ஒளியை எதிரொளிக்கும். கழற்ற முடியாவிட்டால் முகத்தைத் துளி கீழே தாழ்த்துங்கள். பெரிய ஜரிகை போட்ட பட்டும் ஃபிளாஷில் பளீரென்று வெளுத்துவிடும். பட்டுதான் வேண்டும் என்றால் மெல்லிய கரை போதும்.

5. தனிப்பட்ட போஸ் வேண்டுமானால் ஒரே மூச்சில் கேளுங்கள்: "கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாமா?" அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பது, தோளில் கை போடுவது எதுவானாலும் முதலில் கேளுங்கள். அவர் மறுத்தால் சிரித்துக்கொண்டே பக்கத்தில் நில்லுங்கள். தொடக் கூடாது என்று வாசலில் எழுதியிருந்தால் கேட்கவும் வேண்டாம்.

6. ஃபிளாஷ் அடிக்கும்வரை கேமராவையே பாருங்கள். நடிகரைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் படத்தில் அவர்களுடைய காதுதான் இருக்கும்.

7. வெளியே சில நிமிடங்களில் அச்சுப் படம் வந்துவிடும். அங்கேயே நின்று பாருங்கள். கண் மூடியிருந்தாலோ முகம் வெட்டுப்பட்டிருந்தாலோ உடனே ஊழியரிடம் காட்டுங்கள். அந்த நடிகரின் நேரம் முடியும் முன் கேட்டால் மறுபடி எடுக்க வாய்ப்பு உண்டு. மறுநாள் கேட்டால் இல்லை.

சின்னக் குழந்தையோடு போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். இருட்டுத் திரை, பளிச்சென்று ஒளி, தெரியாத மனிதர் என்று மூன்றும் சேர்ந்து குழந்தையை அழவைக்கும். முந்தின நாள் அந்த நடிகரின் இப்போதைய படத்தைக் காட்டி, இவரைத்தான் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவையுங்கள். திரையில் பார்த்த வேடத்தில் அவர் வரமாட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியவை

அன்பைக் காட்ட நமக்குப் பழகிய வழிகள் சில, அங்கே பாதுகாப்பு ஊழியரைப் பாய்ந்துவரச் செய்யும். காலில் விழுவதை அவர்கள் மரியாதை என்று அறியமாட்டார்கள். திடீரென்று ஒருவர் குனிந்து தன் காலை நோக்கி வருவதாகவே நடிகருக்குத் தெரியும். பொன்னாடையும் மாலையும் அப்படியே. கழுத்தை நோக்கி ஒரு துணியோடு கை நீளுவதை எந்தக் காவலரும் அனுமதிக்க மாட்டார். பொன்னாடை கொடுத்தே ஆக வேண்டும் என்றால் மடித்து, இது எங்கள் ஊர் மரியாதை என்று ஒரு வரி எழுதி, உதவியாளரின் கையில் கொடுங்கள்.

வீட்டில் செய்த அதிரசம், மைசூர்பாகு வேண்டாம். தெரியாதவர் தரும் உணவை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். அது குப்பைக்குப் போவதை நினைத்து நீங்கள் வருந்த வேண்டியிருக்கும். நீங்களே வரைந்த ஓவியம், குழந்தை எழுதிய கடிதம் போன்றவை நல்ல பரிசு. பெட்டியில் அடங்கும் அளவில் இருக்கட்டும், அவரும் விமானத்தில்தான் ஊர் திரும்ப வேண்டும்.

இரு கை கூப்பி வணக்கம் சொல்வது மட்டும் அங்கே மிகவும் வசதியான பழக்கம். தொற்றுக்கு அஞ்சிக் கைகுலுக்காத நடிகர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கை கூப்பினால் அவருக்கும் நிம்மதி.

பேனலில் கேள்வி கேட்பவருக்கு

கேள்வி ஒன்று, அதுவும் இரண்டு வாக்கியத்துக்குள். அதைக் கேட்க மைக் வரிசைக்குப் பேனல் தொடங்கும் முன்பே போய்விடுங்கள். மேடையில் இருப்பவரிடம் கட்டிப்பிடிக்கக் கேட்பதும், கையெழுத்துக் கேட்பதும் அரங்கமே முகம் சுளிக்கும் செயல். நல்ல கேள்வி அவருடைய தொழிலைப் பற்றியதாக இருக்கும்: ஒரு காட்சியை எப்படிச் செய்தார், எதை மாற்றச் சொன்னார், எது வெட்டப்பட்டது.

பாதுகாப்பு

*மோசடி.* நடிகரின் பெயரில் இன்ஸ்டாகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ வந்து, மாநாட்டில் உங்களைத் தனியாகச் சந்திக்கிறேன், கட்டணத்தை கிஃப்ட் கார்டாகவோ கிரிப்டோவாகவோ அனுப்புங்கள் என்று யார் சொன்னாலும் அது திருட்டு. விதிவிலக்கு கிடையாது. தனிச் சந்திப்பு என்று ஒன்று இருந்தால் அது மாநாட்டின் தளத்தில் விலை போட்டு விற்கப்படும். நுழைவு அட்டையை அடுத்தவரிடம் வாங்குவதும் ஆபத்து. சான் டியாகோ போன்ற இடங்களில் அட்டையை இன்னொருவர் பெயருக்கு மாற்றவே முடியாது.

*வேடமும் ஆயுதமும்.* கதாபாத்திர வேடம் போட்டுப் போவது அழகான பழக்கம். ஆனால் 2017 மே மாதம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மாநாட்டுக்குள் நிஜத் துப்பாக்கிகளோடு நுழைந்த ஒருவர் கைதானார். உடனே அங்கே பொம்மை ஆயுதங்களுக்கும் தடை விழுந்தது. மற்ற இடங்களிலும் விதிகள் கடுமையாகவே இருக்கின்றன. அட்டையிலோ ஃபோமிலோ செய்ததைத் தவிர வேறு எதையும் எடுத்துப் போகாதீர்கள். உள்ளே நுழைந்ததும் சோதனை மேஜையில் காட்டி அடையாளப் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். வேடமிட்டவர்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். வேடம் போட்டிருப்பது தொடுவதற்கான சம்மதம் ஆகாது என்று நியூயார்க்கில் பலகையே வைத்திருக்கிறார்கள்.

*குழந்தைகள்.* உள்ளே போனதும் முதல் வேலையாக, பிரிந்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று ஓர் இடத்தைக் காட்டுங்கள். கைப்பேசி எண்ணை குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தனியே விடுவதானால், யார் கூப்பிட்டாலும் ஹோட்டல் அறைக்குப் போகக் கூடாது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

*எல்லை.* ஹோட்டல் லாபி, லிஃப்ட், கழிப்பறை, உணவகம், விமான நிலையம். இங்கெல்லாம் நடிகரைப் பார்த்தால் தலையசைத்துவிட்டு நகருங்கள். அறை எண்ணைத் தேடுவதும் காரைத் தொடர்வதும் அவரை அச்சுறுத்தும் செயல்கள். மாநாட்டிலிருந்து வெளியேற்றுவார்கள், காவல்துறை வரைகூடப் போகும்.

*உடம்பு.* மாநாடு முடிந்த வாரம் சளி, காய்ச்சலில் படுப்பவர்கள் ஏராளம். கூட்டத்தில் முகக்கவசம் போடுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள். உங்களுக்கே காய்ச்சல் இருந்தால் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் போகாதீர்கள்.

நடிகர் வராமல் போனால்

இது அடிக்கடி நடக்கும். படப்பிடிப்புத் தேதி மாறும், உடல்நலம் கெடும். 2023 ஜூலை 14-இல் ஹாலிவுட் நடிகர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அடுத்த வாரமே நடந்த சான் டியாகோ காமிக் கானில் பெரிய ஸ்டுடியோக்களின் நட்சத்திர மேடைகள் காலியாயின. மாதக்கணக்காகக் காத்திருந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் எல்லாம் மாறிப்போனது. தமிழ்நாட்டிலிருந்து இதற்கென்றே கிளம்ப வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான். விசாவுக்கும் விமானத்துக்கும் கொட்டிய பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.

1. போகும் முந்தின இரவும் அன்று காலையும் மாநாட்டின் அதிகாரப்பூர்வக் கணக்கைப் பாருங்கள்.
2. ரத்து அறிவிப்பு வந்தால் உங்கள் ரசீதையும் அறிவிப்பையும் படமெடுத்து வையுங்கள்.
3. பணம் தானாக வருமா, நீங்கள் விண்ணப்பிக்க வேண்டுமா என்று படியுங்கள். விண்ணப்பிக்கக் கெடு இருக்கும்.
4. வாலண்டியர்களிடம் கோபத்தைக் காட்டாதீர்கள். அவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் நிற்கும் ரசிகர்கள்.

ஒரே நடிகரை நம்பிப் போகாமல், பட்டியலில் இன்னும் இரண்டு பேரையாவது பார்த்துவைத்துக் கிளம்புங்கள். பெயர் தெரியாத துணை நடிகர்களின் மேஜையில் வரிசை இருக்காது, கட்டணமும் குறைவு. படப்பிடிப்பில் நடந்ததைப் பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்வார்கள். நட்சத்திரத்திடம் அந்தப் பேச்சு ஒருபோதும் கிடைக்காது.

வீட்டுக்கு வந்த பிறகு

போட்டோ ஆப் படத்தின் டிஜிட்டல் பிரதிக்குத் தனி எண்ணோ இணைப்போ தந்திருப்பார்கள். அது குறிப்பிட்ட காலம்தான் வேலை செய்யும். அன்றிரவே இறக்கி இரண்டு இடங்களில் சேமியுங்கள். கையெழுத்திட்ட படத்தை அமிலமில்லாத அட்டையோடு சட்டம் போட்டு, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். மார்க்கர் மை வெயிலில் வெளுக்கும், நம் வீட்டு ஜன்னலோர வெயிலில் இன்னும் சீக்கிரம் வெளுக்கும்.

எதிர்காலத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் கையெழுத்தைச் சான்றளிக்கும் நிறுவனங்களின் மேஜை பல மாநாடுகளிலேயே இருக்கும். வெளியே வரும் முன் அங்கே காட்டி முத்திரை வாங்கிவிடுங்கள். உங்கள் பெயர் எழுதி வாங்கிய கையெழுத்துக்குச் சந்தையில் விலை குறைவு. வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குகிறீர்கள் என்றால் அதைப் பற்றி யோசிக்காமல் பெயரை எழுதியே வாங்குங்கள்.